கிளைட் துளைக்கும் குண்டுகள்

டாலிவர் கவுண்டி, வர்ஜீனியா
1974 ஏப்ரல் 9

இமோஜீன் அக்கா,

உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்களென்றால் அதற்கே நன்றி. ஐந்து வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டைகூடப் போடாதவள் எழுதுகிறாளே, ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது. என் வீட்டுக்காரர் கிளைட் செத்துப்போய்விடுவாரோ என்று பயமாயிருக்கிறது. உடம்புக்கு ஒரு குறையுமில்லை, இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார். ஆனால் பின்கொட்டகையில் உட்கார்ந்து பீரங்கிக் குண்டுகளைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்.

வெறும் இரும்புக் குண்டு என்றால் நான் ஏன் பதறப் போகிறேன்? உள்நாட்டுப் போர் நடந்த இந்தக் கவுண்டியில் எந்த வீட்டில்தான் குண்டு இல்லை? ஏர் ஓட்டினால் வருகிறது, கிணறு வெட்டினால் வருகிறது. எங்கள் பாப்டிஸ்ட் சபையில் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பதே ஒரு குண்டுதான். ஈஸ்டருக்கு முன்னால் அதற்கு வெள்ளையடிப்பது பெண்கள் முறை, இந்த வருஷம் நான்தான் அடித்தேன். நம் மாமியார் ஒன்றைச் சமையலறையில் வைத்துக்கொண்டு வால்நட் உடைப்பார், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் கிளைட் தேடிப் பிடிப்பது உள்ளே மருந்து அடைத்த ஜாதி. உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக அலைகிறார். கொண்டுவந்ததைத் துளைத்து, தண்ணீர் பீய்ச்சி மருந்தைக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மெழுகு பூசி அலமாரியில் வைக்கிறார். செப்டம்பரில் சண்டையின் ஆண்டு நாளுக்கு வெளியூர் ஜனம் வரும்போது, பழைய சிறைக்கட்டடத்தில் ஒரு அறை முழுக்க இவர் குண்டுகள்தானாம். கதவுக்கு மேல் இவர் பெயர் எழுதுவார்களாம்.

ஏன் இந்த வெறி என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். அன்றைக்கு நீங்களும், வெளியூர்க்காரர்களுக்குச் சண்டை நடந்த இடங்களைக் கிளைட் சுற்றிக் காட்டும் அந்த பஸ்ஸில்தான் இருந்தீர்கள். பிளங்கெட் மேட்டில் வண்டியை நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, "எங்க கொள்ளுத்தாத்தா இதே இடத்துல கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு" என்று கிளைட் சொல்லி முடிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து எம்மெட், "அன்னிக்கு அவருக்கு வயித்தால போச்சுடா, சோளக் கொட்டாயில படுத்திருந்தாரு, பேர்டி அத்தை எங்கிட்ட சொல்லியிருக்கா" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஐந்து வருஷமாகியும் கடைத்தெருவில் இவரைப் பார்த்தால் எவனாவது ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக் காட்டுகிறான். அந்தச் சிரிப்பை அடக்கத்தான் இந்தக் குண்டெல்லாம்.

எம்மெட் பட்டாளத்தில் இருபது வருஷம் குண்டு செயலிழக்கச் செய்தவர். கூடப் பிறந்த அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷன் கேட்பார். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார். தொலைபேசியில் சொல்லலாமென்றால், எங்கள் கம்பியில் மூன்று வீடு சேர்ந்திருக்கிறது, மூன்று வீட்டிலும் காதை வைத்துக் கேட்பார்கள். அதனால்தான் கடிதம்.

லாவெர்ன்

டேட்டன், ஒஹையோ
1974 ஏப்ரல் 20

லாவெர்னுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். கண்ணாடி போட்டிருந்ததால் முதல் வரியைப் படித்துத் தொலைத்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துப் பழக்கமில்லை எனக்கு. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி உன் வீட்டுக்கு வந்தோமே, மேஜையில் எங்களுக்குத் தட்டு வைக்கவில்லை நீ. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்கள் நாங்கள். ஹாம் இறைச்சி வாசனை வீடெல்லாம் அடிக்கிறது, "நேரமாச்சு, கிளம்புறீங்களா?" என்று கேட்டாய். வழியில் பெட்ரோல் பங்கில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். உன் வீட்டுக் கொள்ளுத்தாத்தா பெருமை உனக்கு, என் பசி எனக்கு.

எம்மெட்டிடம் சொன்னேன். புல் வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், ரிட்டயரான பிறகு இதுதான் பிழைப்பு. நிமிரவேயில்லை. "அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும், போறேன்" என்றார். என்னத்துக்கு மன்னிப்பு, கேலி பண்ணியது நீங்கள்தானே என்றேன். "பசியோட துரத்தினது அவன் வீடுதானே" என்றார். இந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வயசாகிறதே தவிர புத்தி வளரவில்லை.

ஆனால் ராத்திரி சாப்பிடும்போது தானாகக் கேட்டார்: "குண்டு மூக்குல இருக்கிற மூடி பித்தளையா, மரமா?" எனக்கென்ன தெரியும்? கேட்டு எழுது. இன்னொன்றும் சொன்னார், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கருமருந்துக்குக் கிழடு தட்டாது. நூறு வருஷம் மண்ணுல கிடந்தாலும் உள்ளே ஈரம் ஏறலேன்னா நேத்து அடைச்ச மாதிரிதான். எங்கம்மா வால்நட் உடைச்சாங்களா? ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அது இன்னும் உன் சமையலறையில் இருந்தால் கையால் தொடாதே.

இமோஜீன்

டாலிவர் கவுண்டி
1974 மே 15

இமோஜீன் அக்கா,

தட்டு வைக்காதது உண்மை. அழுது வீங்கிய முகத்தோடு உங்கள் எதிரில் உட்கார முடியவில்லை, அதனால்தான் விரட்டினேன். பசியோடு அனுப்பினது தப்பு.

மூக்கில் இருப்பது பித்தளை. சிலதில் ஒன்றுமே இல்லை, வெறும் துருதான். வால்நட் குண்டை நான் தொடவில்லை. சமையலறைக்கு வெளியிலிருந்தே சமைக்க முடியுமானால் சமைப்பேன்.

துளைக்கிற இயந்திரத்தை ஒளித்து வைத்தேன். மாவுப் பீப்பாய்க்கு அடியில். மறுநாளே வேறொன்று வாங்கி வந்துவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "எங்கம்மா பொழங்கின சாமான் லாவெர்ன், பயப்படாதே. ரப்பர் குழாய்ல தண்ணி விட்டுக்கிட்டேதான் துளைக்கிறேன். பத்திரமா இருக்கு" என்கிறார். பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்கு. இதையே காலையும் மாலையும் கேட்டுக்கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். துளைக்கிற சத்தம் கேட்கும்போது கைவேலையைப் போட்டுவிட்டு நிற்கிறேன். சத்தம் நின்றால் அதைவிட மோசம், ஏன் நின்றது என்று ஓடிப் போய்ப் பார்க்கிறேன். இயந்திரத்துக்கு எண்ணெய் விட நின்றாராம்!

போன சனிக்கிழமை அவருடைய பஸ்ஸில் நானும் போனேன். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. வழக்கம்போல பழைய செங்கல் தேவாலயம், ஆற்றுத்துறை, பிளங்கெட் மேடு. தேவாலயத் தரையில் அந்த ரத்தக் கறையைக் காட்டினார், காயம்பட்டவர்களைக் கிடத்தின இடம். ஒரு அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், நூற்றுப்பத்து வருஷத்து நாற்றம் அவளுக்கு மட்டும் அடித்தது போலிருக்கிறது. மேட்டுக்கு வந்ததும் கொள்ளுத்தாத்தா பேச்சே எடுக்கவில்லை கிளைட். அந்த இடத்தில் முன்பு குரல் எப்படி எழும்பும், தெரியுமா உங்களுக்கு? இப்போது டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குண்டை எடுத்து, "பத்து ராத்தல், கையில வாங்கிப் பாருங்க" என்று முதல் ஆளிடம் கொடுத்தார். எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றி வாங்கினார்கள். ஒருத்தர் மடியில் வைத்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார். கடைசி சீட்டிலிருந்த என்னிடம் வந்தபோது திருப்பிப் பார்த்தேன். துளையே இல்லை அக்கா.

வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாலையில் ஒரு பள்ளம் விடாமல் தூக்கிப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "அடடா, மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன் போல" என்கிறார். என்னமோ வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி!

எம்மெட்டிடம் சொல்லுங்கள். இவரிடமும் நான் சொன்னேன். "முதல்ல அவன் சொன்னதை வாபஸ் வாங்கட்டும்" என்கிறார்.

லாவெர்ன்

டேட்டன்
1974 ஜூன் 3

லாவெர்னுக்கு,

துளையில்லாத குண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாயாமே. அந்த வரியைப் படித்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். உன்னைத் திட்டத்தான் வந்தது வாயில்.

எம்மெட்டிடம் பேரம் பேசிப் பார்த்தேன். "சரி, தாத்தா மேட்டுல நின்னாருன்னு சொல்லிடறேன்" என்றார். கொடி? "கொடி கிடையாது." கொடியில்லாமல் கிளைட் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றேன். "பொய்க்கு ஒரு அளவு வேணும் இமோஜீன், வயித்தால போனவன் கொடியை எப்படிப் பிடிப்பான்?" அன்று முழுக்க அதே பேச்சு. உன்னைக் கொல்லப் போகிற விஷயம் ஒரு துணிக்கம்பில் வந்து நிற்கிறது.

ஆனால் இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் அவரை அழுத்திச் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, அவர் மறுத்ததும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். ஏன் தெரியுமா? கொரியாவில் இருந்தபோதும் பிறகும் இவர் வேலையில் இருந்த நாளெல்லாம் ஜன்னலில் நின்றவள் நான். தபால் வண்டி இல்லாத வேறு வண்டி தெருவில் திரும்பினால், சாவுச் செய்தி கொண்டுவரும் பட்டாள வண்டியோ என்று வாசலுக்கு ஓடுவேன். கூட வேலை செய்த பையன் ஒருவன் இவர் கண்ணெதிரிலேயே போனான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இவர் கை நடுங்கியது, கோப்பையைப் பிடிக்க முடியாது. ரிட்டயரான அன்று வேதப் புத்தகத்தில் கை வைத்து, இனி ஒரு குண்டையும் தொடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணினார். உன் புருஷனைக் காப்பாற்ற என் புருஷனைக் கேட்கிறாய் நீ. கேட்பது நியாயம்தான். எனக்கும் ஒருவர்தான் இருக்கிறார்.

மர மூடி மக்கி ஈரத்தை உள்ளே விட்டுவிடுமாம், பித்தளை விடாதாம்; பித்தளை என்று நீ எழுதினதைப் படித்துவிட்டு எம்மெட் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

இமோஜீன்

டாலிவர் கவுண்டி
1974 ஜூலை 8

அக்கா,

ஆர்லோ ஸ்டிட் செத்துப்போனார். கிளைட்டோடு சேர்ந்து வயலில் தேடப் போவாரே, சிவப்புத் தொப்பிக்காரர். நேற்று மத்தியானம் வண்டிக் கொட்டகையில் துளைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு மைலுக்கு இந்தப் பக்கம் என் சமையலறைக் கண்ணாடி அதிர்ந்தது. கிளைட் என்றுதான் நினைத்தேன். அவர் என் பின்னால் நின்று பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார், ஆனாலும் கிளைட் என்றே கத்தினேன்.

இன்று அடக்கத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போனோம். ஆர்லோவின் மனைவி உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வந்தவர் கொடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல். பெட்டியைத் திறக்கவில்லை.

வரும் வழியில் கிளைட் வாயே திறக்கவில்லை. சரி, இத்தோடு புத்தி வந்தது என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். "ஆர்லோ தண்ணி விடாம துளைச்சிருப்பான், அவன் எப்பவும் அவசரக்காரன்" என்றார். கொட்டகைக்குப் போய்விட்டார். நான் இங்கே மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கொடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எங்கள் கொள்ளுத்தாத்தா சண்டை நடந்த அன்று பக்கத்துக் கவுண்டியில் இருந்தார் என்றுகூட எம்மெட் சொல்லட்டும். வந்து சொல்லட்டும்.

லாவெர்ன்

டேட்டன்
1974 ஜூலை 13

லாவெர்ன்,

இன்று காலை எம்மெட் கிளம்பிவிட்டார். உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை, அவர் கையிலேயே கொடுத்தேன். படித்தார், மடித்தார், வண்டிச் சாவியைத் தேடினார். மன்னிப்பு, வாபஸ் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

வாசலில் வைத்துச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். "தொடமாட்டீங்களே?" என்றேன். "பேசத்தான் போறேன்" என்றார். "தொடமாட்டீங்களே?" என்று மறுபடியும் கேட்டேன். "பேசி, மாநிலப் போலீஸ்ல அதுக்குன்னு ஆள் இருக்கான், அவனைக் கூப்பிட வச்சுட்டு வந்துடறேன்" என்றார். மூன்றாந்தடவை கேட்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

நான்தான் அனுப்பினேன், லாவெர்ன். இந்த முறை போகச் சொன்னது நான். இது உனக்கு நினைவிருக்கட்டும். முழுசாகத் திருப்பி அனுப்பு. இந்த முறை தட்டு வை.

இமோஜீன்

டாலிவர் கவுண்டி
1974 ஜூலை 17

இமோஜீன் அக்கா,

முதலில் நல்ல செய்தி: எம்மெட் நன்றாக இருக்கிறார். முழுசாக இருக்கிறார். இதைப் படித்துவிட்டுத்தான் மூச்சு விடுவீர்கள் என்று தெரியும், அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

சாயங்காலம் வந்து இறங்கினார். தட்டு வைத்திருந்தேன், ஹாமும் பிஸ்கட் ரொட்டியும். கிளைட் முற்றத்தில் நின்றார், எம்மெட் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சோளப் பயிரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு எம்மெட் சொன்னார்: "வயித்தால போனவனும் மேட்டுக்குப் போயிருக்கலாம்டா. போயிட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கலாம்." கிளைட் முறைத்தார். அப்புறம் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு அக்கா. இரண்டு கிழங்களும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மறுநாள் காலையில் "சும்மா ஒரு தடவை பாத்துடறேன்" என்று எம்மெட் கொட்டகைக்குள் போனார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். துளைக்கிற சத்தம் கேட்டது. கையில் சோப்போடு ஓடினேன். உங்கள் வீட்டுக்காரர் மண்டி போட்டு இரண்டு கையாலும் குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், என் வீட்டுக்காரர் மேலிருந்து துளைக்கிறார். நான் போட்ட கூச்சலில் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு லாவெர்ன்" என்றார் எம்மெட். "தப்பான பக்கம் துளைச்சுக்கிட்டு இருக்கான். சரியா எப்படின்னு காட்டாம விட்டா, நான் போன பிறகு தனியா தப்பாவே செய்வான்." முகத்தைப் பார்த்தேன். இருபது வயது குறைந்த முகம் அக்கா. இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் எழுதாவிட்டால் உங்களுக்குத் துரோகம் செய்த மாதிரி. மனுஷன் சந்தோஷமாக இருந்தார்.

உங்களுக்குப் பண்ணின சத்தியத்தை நினைவுபடுத்தினேன். தலையைக் குனிந்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. கிளைட், "நீ வீட்டுக்குள்ள போ, பத்திரமா இருக்கு" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. உள்ளே போனேன். சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் குண்டுக்குப் பக்கத்தில், என் முழங்கால் படுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன பண்றே?" என்றார் கிளைட்.

"உக்காந்திருக்கேன். நீ வேலையைப் பாரு."

"லாவெர்ன், உள்ள போ."

"ஏன்? பத்திரமா இருக்குன்னியே."

"இங்க தூசி, தண்ணி தெறிக்கும்."

"தெறிக்கட்டும். துளை."

இயந்திரத்தைக் கையில் எடுத்தார். குண்டின் மேல் வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எம்மெட்டின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, நீங்கள் எழுதின அதே நடுக்கம்தான் என்று நினைக்கிறேன்.

"நீ இருக்கும்போது முடியாது" என்றார் கிளைட்.

"ஏன் முடியாது?"

துளைமுனையைத் துணியால் துடைத்தார்.

"ஏன் முடியாது கிளைட்? வாயைத் திறந்து சொல்லு."

"வெடிச்சா நீயும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்கத்தான் இத்தனை மாசமாக நான் கத்தினேன். "வெடிக்கும்னு உனக்குத் தெரியும்" என்றேன். "உனக்கு ஒண்ணும் ஆகாது, எனக்குத்தான் ஆகும்னு நெனைக்கிறே, அப்படித்தானே?" "நீ போனா நான் மட்டும் முழுசா இருப்பேன்னு யாருடா உனக்குச் சொன்னா?" கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவரை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். எம்மெட் குண்டை மெல்லத் தரையில் இறக்கிவைத்துவிட்டு வெளியே போய் வேலியோரம் நின்றார். திரும்பி வந்தபோது, "இமோஜீன்கிட்ட நானே சொல்றேன்" என்றார். சொல்லுவார். நான் முந்திக்கொண்டதற்கு மன்னியுங்கள்.

மாநிலப் போலீஸுக்கு எம்மெட்டே தொலைபேசி போட்டார், மூன்று வீடும் கேட்டிருக்கும். வண்டியும் ஆட்களும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அலமாரியில் இருப்பது, சபை வாசலில் இருப்பது, என் வால்நட் குண்டு, எல்லாவற்றையும் கொண்டுபோவார்களாம். கிளைட் சரி என்று தலையாட்டினார். ஆனால் இந்த மனுஷன் ஆர்லோவைப் புதைத்த அன்றும் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டுதான் வந்தார், தலையாட்டலை நம்பி நான் எழுந்திருக்கப் போவதில்லை. விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறேன், இருட்டினதும் கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையும் கொட்டகையில் இருந்துதான் எழுதுகிறேன். இப்போதுதான் எம்மெட் சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே கால் வைக்காமல் போனார். கிளைட் முற்றத்தில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருக்கிறார், கழுவினதையே திரும்பக் கழுவுகிறார்.

வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை, எனக்கு முதுகு வலிக்கிறது. பஸ் பிடித்து வந்துவிடுங்கள் அக்கா. வெளியில் இருப்பவர்களைக் கண்காணிக்க என் கண் மட்டும் போதாது. உங்களுக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போடச் சொல்லியிருக்கிறேன்.

லாவெர்ன்